உபகாரச் சம்பளத்திற்கு உரியவர் யார்?

தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் மின்சார ரயிலில் காலை வேளையில் ஏறினால், பொத்தேரியிலும் காட்டாங்குளத்தூரிலும் பெட்டிகள் பாதி காலியாகிவிடும். இறங்குகிறவர்களிற் பெரும்பாலோர் மாணவர்கள். 1985-ல் இங்கே ஒரு பொறியியற் கல்லூரி தோன்றியது; அதுவே பின்னர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சுற்றிலும் வேறு கல்லூரிகளும் எழுந்தன. ஏரியும் நெல்வயலுமாக இருந்த ஊர், பல மாநிலப் பிள்ளைகளும் தங்கிப் படிக்கும் ஊராகிவிட்டது. நான் இவ்வட்டாரத்தில் பல ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன். ரயிலடியில் மாணவர்கள் தம்முட் பேசிக்கொள்வதைக் கேட்பது என் வழக்கம். தேர்வு, திரைப்படம், வேலை ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அவர்கள் பேச்சில் மிகுதியாக அடிபடுவது ஒரு கேள்வி: "உனக்கு ஸ்காலர்ஷிப் வந்துவிட்டதா?" அந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதன் தொடக்க அத்தியாயங்களில் ஒன்று இந்தச் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே எழுதப்பட்டது. அதனால்தான் இன்றைய பேச்சிற்கு இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். நம் பாட்டனார் காலத்தில் பள்ளிக்கூடத்திற்கு மாணவன் கட்டும் பணத்திற்குச் 'சம்பளம்' என்றே பெயர். "பையனுக்குச் சம்பளம் கட்டவேண்டும்" என்று தந்தை கடன் கேட்கப் போவார். அந்தச் சம்பளத்தைக் கட்ட இயலாதவனுக்குச் சர்க்கார் தரும் தொகை 'உபகாரச் சம்பளம்' எனப்பட்டது. 'கல்வி உதவித்தொகை' என்பது பின்னால் வந்த சொல். உபகாரம் என்ற சொல்லில் சற்றே தருமவாடை வீசுகிறது என்பது உண்மைதான். ஆயினும் அச்சொல்லை நான் இங்கே விட்டுவிடவில்லை. தருமமாகத் தொடங்கியது உரிமையாக மாறிய கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கதை 1891-ல் தொடங்குகிறது என்று கொள்ளலாம். அவ்வாண்டு செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு ஒரு நீண்ட குறிப்பு அனுப்பினார். குடியிருக்கும் மனைகூடத் தமக்குச் சொந்தமில்லாமல், உழும் நிலத்தில் உரிமையில்லாமல், கல்விக்கூடத்தின் வாயிலைக்கூட மிதிக்க இயலாமல் வாழ்ந்தவர்களைப் பற்றிய குறிப்பு அது. நிலம் பற்றி அது எழுப்பிய கோரிக்கையின் பயனே பிற்காலத்தில் 'பஞ்சமி நிலம்' என்று வழங்கியது. கல்வியைப் பற்றி 1893-ல் சென்னை அரசு தனி ஆணை ஒன்று பிறப்பித்தது. இம்மக்களின் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம், அவர்களிடையேயிருந்து ஆசிரியப் பயிற்சிக்கு வருவோருக்கு ஊக்கத்தொகை என்பன அதன் சாரம்.

மானியம் யார் கைக்குப் போயிற்று என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். 1854-ஆம் ஆண்டின் ஊட் கல்வி அறிக்கைக்குப் பிறகு அரசுப் பணம் பெரும்பாலும் பள்ளி நடத்துவோருக்கே சென்றது. பிள்ளை படித்தால் பள்ளிக்குப் பணம் என்பது அக்காலக் கணக்கு. பிள்ளையின் கையிலேயே பணம் தரவேண்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்லத்தான் வந்தது. அது வந்தவுடன், எந்தப் பிள்ளை என்ற கேள்வியும் கூடவே வந்துவிட்டது. தகுதி என்னும் சொல் கல்விக் கணக்குக்குள் புகுந்தது அப்போதுதான்.

1919-ல் சென்னை அரசு, தாழ்த்தப்பட்டோர் நலனுக்கென்று பாடிசன் என்ற அதிகாரியை நியமித்தது. அதிலிருந்து வளர்ந்த தொழிலாளர் துறை, கிணறு வெட்டுவது, மனை வழங்குவது இவற்றோடு பள்ளிகளும் விடுதிகளும் நடத்தி, உபகாரச் சம்பளமும் வழங்கியது. இக்காலத்திலே இதற்காகச் சட்டசபையில் ஓயாது குரல் கொடுத்தவர் இருவர் இம்மாவட்டத்து மண்ணுக்குரியவர்கள். ஒருவர் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். மற்றவர் 1883-ல் பரங்கிமலையிற் பிறந்து, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்து, ஆசிரியராயிருந்த எம்.சி. ராஜா. அக்கல்லூரி 1937-ல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்தது; ராஜா படித்த நாளில் அது பட்டணத்துக்குள்ளேயே இருந்தது. பரங்கிமலையிலிருந்து பட்டணத்துக் கல்லூரிக்குப் போன ஒரு பையனின் பயணத்தை எண்ணிப் பார்த்தால், உபகாரச் சம்பளம் என்பதன் பொருள் சற்றே விளங்கும்.

ஏனைய பின்தங்கிய வகுப்பாருக்கும் ஒரு சலுகை இருந்தது. அரசு ஒரு பட்டியல் வைத்திருந்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற சாதிப் பிள்ளைகள் பாதிச் சம்பளம் கட்டினாற் போதும். இந்த அரைச் சம்பளச் சலுகை பார்வைக்குச் சிறியது. ஆயினும் நம் நாட்டு அரசியலில் 'பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்' என்று பிற்காலத்திற் பெரும் போராட்டங்களுக்கு இடமாகிய ஏட்டின் வேர் இந்தப் பள்ளிச் சம்பளக் கணக்கிலே இருக்கிறது. தங்கள் சாதியையும் பட்டியலிற் சேர்க்க வேண்டுமென்று மனுக்கள் வந்தன. 1934-ல் பிற்படுத்தப்பட்டோருக்கென்று மாகாண அளவில் ஒரு சங்கமே தோன்றியது. சில ரூபாய்ச் சலுகைக்காக எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல், ஒரு மாகாணத்தின் சமுதாய வரைபடமாகிவிட்டது!

இனி, நாடளாவிய கதைக்கு வருவோம். இதில் நடுநாயகமாக நிற்பவர் டாக்டர் அம்பேத்கர். அவரே உபகாரச் சம்பளத்தால் உருவானவர். 1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட், மூன்றாண்டுகளுக்கு மாதம் பதினொன்றரைப் பவுன் தந்து அவரை நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார். அதற்கு நிபந்தனை, படித்து மீண்டபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் ஊழியம் செய்யவேண்டும் என்பது. உதவி என்றால் அதற்கொரு முறி உண்டு என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டார். மன்னர் ஒருவரின் நல்ல மனம் ஓர் இளைஞனைக் கடல் கடத்தியது. மற்ற இளைஞர்களுக்கு அத்தகைய மன்னர்கள் எங்கே இருந்தார்கள்?

1942-ல் அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினரானார். அவ்வாண்டு அக்டோபர் மாதம் லின்லித்கோ பிரபுவிடம் அவர் கொடுத்த விண்ணப்பம் படிக்கத்தக்கது. அலிகார், காசிப் பல்கலைக்கழகங்களுக்கு இந்திய அரசு ஆண்டுதோறும் மானியம் தருவதைச் சுட்டிக்காட்டி, தாழ்த்தப்பட்டோரின் உயர்கல்விக்கு இந்திய அரசு என்ன செய்திருக்கிறது என்று அவர் கேட்டார். உள்நாட்டில் விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் பயில்வோருக்கு ஆண்டுக்கு 2 லட்ச ரூபாயும், வெளிநாட்டுப் படிப்பிற்கு 1 லட்ச ரூபாயும் வேண்டினார். கலைப் படிப்பை விட்டுப் பொறியியலையும் விஞ்ஞானத்தையும் அவர் குறித்துக் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஆய்வுக்கூடக் கட்டணமும் கருவி விலையும் ஏழைக்கு எட்டாத படிப்புகள் அவை. அவற்றில்தான் பிற்காலத்து வேலைகள் இருக்கும் என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்திருந்தார். காட்டாங்குளத்தூரில் இன்று பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இதைச் சற்று நினைக்கலாம்.

1944-ல் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. பள்ளியிறுதி வகுப்பிற்கு மேற்பட்ட படிப்புக்கு உரியது என்பதால், 'மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகை' என்று பெயர் பெற்றது. சில ஆண்டுகளிற் பழங்குடியினருக்கும் அது விரிந்தது. இன்றளவும் பெயர் மாறாமல் வழங்கிவருகிறது. 'மெட்ரிக்குலேஷன்' என்ற தேர்வை அறியாத பிள்ளைகளும் 'போஸ்ட் மெட்ரிக்' என்று வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டு மனுவை நிரப்புகிறார்கள்!

அதே 1944-ஆம் ஆண்டு, கடலுக்கு அப்பால் அமெரிக்காவில், போரிலிருந்து மீளும் படைவீரர்களுக்காக ஒரு சட்டம் இயற்றப்பட்டது. படையிற் பணியாற்றிய இளைஞர் கல்லூரிக்குப் போனால், ஆண்டுக்கு 500 டாலர் வரை கட்டணத்தை அரசே கட்டும். எழுத்தளவில் அதில் நிறவேற்றுமை இல்லை. ஆனால் நடைமுறை உள்ளூர் அதிகாரிகள் கையிலும், தென்மாநிலங்களின் தனித்தனிக் கல்லூரிகளின் கையிலும் இருந்தபடியால், கறுப்பின வீரர்களிற் பலருக்கு அப்பயன் கிட்டவில்லை. பிறகு 1972-ல் அந்நாடு, குடும்ப வருமானத்தை அளந்து ஏழை மாணவர்க்குத் திருப்பித்தர வேண்டாத மானியம் வழங்கும் முறையையும் கொண்டுவந்தது. அதுவே பின்னர் பெல் என்னும் செனட்டரின் பெயரால் வழங்கலாயிற்று. சட்டத்தின் எழுத்தில் தகுதி இருந்தாலும், அது ஒருவன் கைக்கு வந்து சேர்வது வேறு காரியம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நம் நாட்டில் விடுதலைக்குப் பின் முதலில் எழுந்தது சட்டச் சிக்கல். சண்பகம் துரைராசன் வழக்கில், சென்னை அரசின் வகுப்புவாரி ஆணை செல்லாதென்று 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு ஜூன் மாதமே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்து, பின்தங்கியோருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு இடம் தந்தது. வழக்கு, கல்லூரிச் சேர்க்கை பற்றியது. ஆயினும் பிறப்பை அளவாகக் கொண்டு தரப்படும் உதவிகள் அனைத்துக்கும் அந்தத் திருத்தமே காப்பாக அமைந்தது. இவ்வழக்கு பாடநூல்களில் விரிவாக உள்ளதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பிறப்பை அடுத்து அளவுகோலாக வந்தது வருமானம். இதன் கதை பலரும் அறியாதது. ஆதலால் சற்று விரித்துச் சொல்கிறேன். காமராசர் ஆட்சியில், ஆண்டுக்கு 1,200 ரூபாய்க்குட்பட்ட வருமானமுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியிலும் சம்பளம் இல்லை என்று ஏற்பட்டது. அதாவது மாதம் 100 ரூபாய். மாதம் 101 ரூபாய் வாங்கும் குமாஸ்தாவின் பிள்ளை சம்பளம் கட்டவேண்டும்! சிறிது காலத்தில், 1964-65-ல், அந்த வரம்பும் நீங்கி உயர்நிலைப் பள்ளிக் கல்வி அனைவருக்கும் இலவசமாயிற்று. வரம்பு வைத்தவர்களே வரம்பை நீக்கிய அரிய நிகழ்ச்சி இது.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1979-ல், வருமானம் வேறொரு முகத்தோடு திரும்பி வந்தது. எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டுக்கு 9,000 ரூபாய்க்கு மேல் வருமானமுள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இட ஒதுக்கீடு இல்லை என்று ஆணையிட்டது. 1980 ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் ஆளுங்கட்சிக்கு இம்மாநிலத்தில் 2 இடங்களே கிடைத்தன. ஆணை உடனே திரும்பப் பெறப்பட்டது. ஒதுக்கீடும் 31 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்ந்தது. இது உதவித்தொகை பற்றியதன்று, இடம் பற்றியது. எனினும் வருமானக் கோடு ஒன்றைக் கிழிப்பது எவ்வளவு நெருப்பான காரியம் என்பதை அரசுகள் அன்று கற்றுக்கொண்டன.

அந்தக் கோடு உதவித்தொகையில் மட்டும் நிலைத்துவிட்டது. மெட்ரிக்குக்குப் பிந்தைய உதவித்தொகைக்கு 2013-ல் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2,50,000 ரூபாய் என்று வகுத்தார்கள். 2021-ல் விதிகள் திருத்தப்பட்டன. மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று செலவுப் பங்கும் மாறியது. வரம்பு மட்டும் அதே 2,50,000. மாதக் கணக்கில் 20,833 ரூபாய். எட்டாண்டுகளில் அரிசி விலையும் பேருந்துக் கட்டணமும் கூலியும் ஏறியிருக்க, கோடு நகரவில்லை. ஒருவரையும் நீக்குவதாக யாரும் ஆணையிடவில்லை. இருந்தும் ஆண்டுதோறும் சில குடும்பங்கள் சத்தமின்றிக் கோட்டைத் தாண்டி வெளியே போயின. மறைமலைநகர்த் தொழிற்சாலையில் தந்தை மிகைநேரம் உழைத்த வருடம் மகனின் உதவித்தொகை நின்றுபோவதும் இத்தகைய கோட்டினாலே நேரக்கூடியது. வரலாறு எழுதுகிறவர்கள் மாற்றங்களைத்தான் குறித்து வைப்பார்கள். மாறாமல் விட்ட எண்ணையும் குறித்து வைக்கவேண்டும் என்பது என் கருத்து.

2018-ல் வேறொரு வாயிலும் அடைந்தது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த தாழ்த்தப்பட்ட மாணவர்க்கு இவ்வுதவி இல்லை என்று மத்திய அரசின் புதிய நெறிமுறைகள் கூறின. தனியார் கல்லூரிகள் நிறைந்த எங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் இது சிறிய செய்தியன்று. கலந்தாய்வில் இடம் பெற்றவன், நிர்வாகத்திடம் நேரே சேர்ந்தவன் என்று ஒரே வகுப்பில் இருவர் அருகருகே அமர்ந்திருப்பார்கள். ஒரே சாதி, ஒரே வறுமை. ஒருவனுக்குத் தொகை உண்டு, மற்றவனுக்கு இல்லை. பிறப்பும் வருமானமும் போதாமல், எந்த வாசல் வழியாக நுழைந்தான் என்பதும் தகுதியாயிற்று. நிர்வாக இடங்களுக்குப் பணம் கொட்டுவது முறையா என்று அரசுத் தரப்பிற் கேட்கலாம். அக்கேள்வியிலும் பொருள் இல்லாமல் இல்லை. ஆனால் முதன்முதலாகக் கல்லூரியைக் கண்ணால் காணும் குடும்பத்துக்கு இந்த இரு வாசல்களின் வேறுபாட்டை யார் முன்கூட்டிச் சொல்வார்?

இங்கே 2010-ஆம் ஆண்டுக்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். அவ்வாண்டு தமிழக அரசு புதியதோர் அளவுகோலைக் கண்டுபிடித்தது. குடும்பத்தில் ஒருவருமே பட்டம் பெறாதிருந்து, முதன்முதலாகத் தொழிற்கல்விக்கு வரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தை அரசே கட்டும். சாதி கேட்பதில்லை, வருமானமும் கேட்பதில்லை. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றிருந்தால் போதும். தனியார் பொறியியற் கல்லூரியானால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை இவ்வகையிற் கழிவு கிடைத்தது. 'முதல் பட்டதாரி' என்ற சொல் அன்று முதல் தமிழில் ஒரு தகுதிப் பெயராயிற்று.

இதற்குரிய சான்றிதழை வருவாய்த்துறை வழங்குகிறது. அதற்கான மனுவில் தந்தை, தாய், தந்தைவழிப் பாட்டன் பாட்டி, தாய்வழிப் பாட்டன் பாட்டி, உடன்பிறந்தார் ஆகியோரின் படிப்பை எழுதவேண்டும். கல்லூரியிற் பணியிலிருந்த நாட்களில் இத்தகைய மனுக்களை நிரப்ப மாணவர்களுக்கு நான் உதவியதுண்டு. பாட்டியின் படிப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். "பாட்டி பள்ளிக்கூடத்துக்கே போனதில்லை சார்." எழுது அம்மா, என்பேன். மூன்று தலைமுறைகளின் கல்வி வரலாறு ஒரே தாளில் வந்துவிடும்: பாட்டன் கையெழுத்தில்லாதவர், தந்தை எட்டாம் வகுப்பு, தாய் ஐந்தாம் வகுப்பு, மகள் பொறியியல். இத்தகைய மனுக்களை யாரேனும் தொகுத்து ஆராய்ந்தால், இம்மாவட்டத்தின் கல்வி வரலாற்றுக்கு டிரமென்ஹீர் குறிப்பைவிட நல்ல ஆதாரம் கிடைக்கும்.

ஆனால் அந்தத் தாளிலேயே ஒரு முள்ளும் இருந்தது. ஒருமுறை ஒரு பெண் வந்தாள். அண்ணன் பட்டம் பெற்று, மணமாகித் தனிக்குடித்தனம் போய்விட்டான். வீட்டுக்குப் பணம் அனுப்புவதில்லை. தந்தை கட்டட வேலைக்குப் போகிறவர். அவளுக்கு அச்சான்றிதழ் இல்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி அண்ணன்தான். "அண்ணன் படிக்காமலிருந்தால் எனக்குக் கிடைத்திருக்குமா சார்?" என்று கேட்டாள். கிடைத்திருக்கும் என்பதே விதிப்படியான விடை. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறொரு திட்டத்துக்கு மனு எழுதிக் கொடுத்தேன். குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்ட விதி, அக்குடும்பத்துக்குள்ளே பெண் எந்த வரிசையில் நிற்கிறாள் என்பதைப் பார்க்கவில்லை.

பெண்களைப் பற்றி அரசு வேறொரு வழியாகச் சிந்தித்தது. 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு நிதியுதவி தரும் திட்டம் தொடங்கியது. குறிப்பிட்ட வகுப்பு வரை படித்திருக்கவேண்டும் என்பது அதன் தகுதி விதி. பெண்ணை மணமேடை வரை படிக்கவைக்கும் தந்திரம் என்று இதைச் சொல்லலாம். 2011-க்குப் பின் பணத்தோடு தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாய். பின்னர் 2022 செப்டம்பர் 5-ஆம் நாள், அதே அம்மையார் பெயரைத் தாங்கிய திட்டம் உருமாறிப் 'புதுமைப்பெண்' ஆயிற்று. திருமணத்துக்கென்றிருந்த பணம் கல்லூரிக்குத் திரும்பியது: மேற்படிப்பில் சேரும் மாணவிக்கு, படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய், அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடிய அந்த அம்மையாருக்கு, தாலித் தங்கத்தைவிட இது பொருத்தமான நினைவுச் சின்னம் என்பது என் எண்ணம். தங்கம் நின்றதற்காக வருந்திய தாய்மார்களையும் நான் அறிவேன். அவர்கள் வருத்தத்தை எளிதாகத் தள்ளிவிடவும் இயலாது.

இத்திட்டத்திலே தகுதிக்கு மற்றொரு புதிய அளவு வந்தது: எந்தப் பள்ளியிற் படித்தாய்? 6-ஆம் வகுப்பு முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் படித்திருக்கவேண்டும். 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோதே இவ்வளவுகோல் தோன்றிவிட்டது. மறு ஆண்டு பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்து, அவ்வாறு சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்பதாகவும் அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் 'தமிழ்ப்புதல்வன்' என்ற பெயரில் ஆண் மாணவர்க்கும் மாதம் 1,000 ரூபாய் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியிற் படித்தவர்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர்.

ஆகவே, கேட்டுக்கொண்டிருக்கும் பள்ளி மாணவர்களுக்கு ஒரு செய்தி. இவ்வளவுகோல் 12-ஆம் வகுப்பு முடிந்தபின் கையில் எடுக்கப்பட்டாலும், அளப்பது 6-ஆம் வகுப்பிலிருந்து. இடையில் ஓராண்டு ஆங்கில மோகத்தால் தனியார் பள்ளிக்குப் போய்த் திரும்பிய பிள்ளைக்கு, ஏழாண்டுக் கணக்கு நிறைவதில்லை. ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் பெற்ற மாற்றுச் சான்றிதழின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டிக்கு என்ன படிப்பு என்பதையும், அவர் இருக்கும்போதே, கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.